லிமெரிக்கா, கில்கென்னியா?

அயர்லாந்தில் ஆற்றங்கரைப் பழைய நகரம் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதற்குப் போவது? இரண்டையும் பார்த்த பிறகு நான் லிமெரிக் பக்கம்தான்.

அழகில் கில்கென்னி முந்திவிடும். கோட்டையிலிருந்து புனித கேனிஸ் பேராலயம் வரை நடந்தே பார்த்துவிடலாம். நடுவில் 1594இல் கட்டிய ராத் மாளிகை. பேராலயத்தை ஒட்டிய வட்டக் கோபுரத்தில் உச்சிவரை ஏறவும் விடுகிறார்கள். டப்ளினிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

சரி, ஆறு? நோர் நதி கோட்டைக்குக் கீழே அமைதியாக ஓடுகிறது, ஆனால் முக்கியமான இடங்கள் எல்லாம் மேலே கடைத்தெருவை ஒட்டியே இருக்கின்றன. ஆற்றங்கரைக்கு இறங்காமலே ஊரைப் பார்த்து முடித்துவிடலாம்.

லிமெரிக்கில் அது நடக்காது. ஷானன், சுமார் 360 கிலோமீட்டர் ஓடும், நாட்டிலேயே நீளமான ஆறு. கடலின் ஏற்றவற்றம் ஊர்வரை வருவதால், ஒரு வேளை பாறை தெரிந்த இடத்தில் இன்னொரு வேளை தண்ணீர் நிற்கும். வைக்கிங்குகள் இந்த ஆற்றுவழியே வந்துதான் ஊரின் பழைய பகுதியான கிங்ஸ் தீவில் குடியேறினார்கள். 1200 வாக்கில் ஜான் மன்னர் கோட்டை எழுந்ததும் ஆற்றைக் கடக்கும் இடத்தைக் காக்கத்தான்.

தோமண்ட் பாலத்தில் நின்றால் 1691 முற்றுகை நன்றாகப் புரியும். அக்கரையில் இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியமின் படை தாக்கியபோது, பதவியிழந்த கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸின் பக்கம் நின்ற ஐரிஷ் வீரர்கள் ஊருக்குள் தப்பிவரப் பாலத்துக்கு ஓடினார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் உள்ளே இருந்தவர்கள் தூக்குப்பாலத்தை உயர்த்திவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் வெட்டுப்பட்டும் ஆற்றில் மூழ்கியும் இறந்தார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஊர் சரணடைந்து உடன்படிக்கை. அது கையெழுத்தானதாகச் சொல்லப்படும் கல் இன்றும் அக்கரையில் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு அதில் தந்த வாக்கு பிறகு காப்பாற்றப்படவில்லை. இப்போதைய பாலம் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது என்றாலும் கோட்டை, ஆறு, கல் மூன்றும் அங்கிருந்து ஒரே பார்வையில் கிடைக்கின்றன. கில்கென்னியில் எனக்கு இது கிடைக்கவில்லை.

லிமெரிக்கில் குறையும் உண்டு. பார்க்கும் இடங்களுக்கு நடுவே சில தெருக்கள் களையில்லாமல் கிடக்கும். டப்ளினிலிருந்து வரும் ரயில்கள் பலவற்றில் லிமெரிக் ஜங்ஷனில் மாற வேண்டும். கில்கென்னியைப் பகலில் மட்டுமே பார்த்தேன், அதனால் அதன் இரவுக் கலகலப்பை இதோடு ஒப்பிட மாட்டேன்.

வாட்டர்ஃபோர்டுக்கும் போகிறவர்கள் என்றால் கில்கென்னி அதே ரயில் பாதையில் வருகிறது, வழியில் இறங்கிக்கொள்ளலாம். லிமெரிக்குக்குச் சனிக்கிழமை போனால் மில்க் மார்க்கெட்டில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அப்புறம் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பாலத்துக்கு நடங்கள்.