பழவேற்காட்டு முகத்துவாரம்: தூர்வாருவதா, சுவர் எழுப்புவதா, மணலை மறுகரை சேர்ப்பதா?

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் மூடிக்கொண்டால் படகுகள் கடலுக்குப் போக முடியாது. இறால் குஞ்சுகளும் ஏரிக்குள் வர முடியாது. அதைத் திறந்து வைக்க எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், அது ஏன் மூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளுகின்றன. இந்த நீரோட்டத்தை மீனவர்கள் ‘தெண்டி’ என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது ‘வன்னி’. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெண்டியின் கையே ஓங்குகிறது. அது கொண்டுவரும் மணலை, ஏரியிலிருந்து வடியும் நீர்தான் வெளியே தள்ள வேண்டும். சென்னைக் கரையில் பெரிய ஓதத்தின்போதுகூட கடல் சுமார் 1 மீட்டர்தான் ஏறி இறங்குகிறது. ஆற்று வெள்ளமும் இல்லாத மாதங்களில் அந்த இழுப்பு போதாது, மணல் வென்றுவிடுகிறது.

தூர்வாருவது உடனடிப் பலன் தரும், ஆனால் அடுத்த தெண்டி வரும்வரைதான். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000 செப்டம்பரில் புது வாய் வெட்டியபோது உப்புநீர் திரும்பியது, மீன்வளமும் பெருகியது. பிறகு அந்த வாயும் இடம் நகர்ந்தது. வாரிய மணலைத் தென்கரையில் குவித்தால் அது நேராக முகத்துவாரத்துக்கே திரும்பிவிடும் என்பது பலர் கவனிக்காத விஷயம்.

முகத்துவாரத்தின் இருபுறமும் கடலுக்குள் கற்சுவர் எழுப்பினால் நீர் குறுகிய வழியில் விரைந்து ஓடித் தானே அடியை அரிக்கும். அரசு பழவேற்காட்டுக்கு எடுத்திருக்கும் வழியும் இதுதான். என் கவலையும் இங்கேதான். மணல் நின்றுவிடுவதில்லை, சுவரின் தெற்கே தேங்கி, வடக்கே பஞ்சமாகிறது. 1876-இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியபின் அதன் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்தில் 1960-களின் தொடக்கத்தில் சுவர்களை நீட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் வடக்கே கூலங்கட்டா, கிர்ரா கடற்கரைகள் கரைந்தன.

மூன்றாவது வழியை அதே ட்வீட் ஆறுதான் காட்டுகிறது. 2001 முதல் தென்கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாலத்தின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி, ஆற்றின் அடியில் குழாய்வழியே வடகரைக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். தொடக்கத்தில் அளவுக்கு மீறி அனுப்பியதில் கிர்ரா கடற்கரை அகன்றே போனது, பிறகு அளவைக் குறைத்தார்கள். இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து ஆண்டுதோறும் செலவைச் சுமக்கின்றன. இதை ஒரு தடவைக் கட்டுமானம் என்று எண்ணித் தொடங்கினால் பம்பு நின்ற நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பழவேற்காட்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது, ஆண்டுதோறும் தூர்வாரி அந்த மணலை வடகரையில் மட்டுமே கொட்டுவது. செலவு குறையாது, ஆனால் வடக்கேயுள்ள குப்பங்கள் பிழைக்கும். சுவர் கட்டியே தீர்வது என்றால், மணலை மறுகரைக்கு அனுப்பும் செலவும் அதே திட்டத்தில், முதல் ஆண்டிலிருந்தே இடம்பெற வேண்டும்.