பழமொழி அட்டைகள்: நல்ல யோசனை, ஒரு பெரிய குழப்பம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக இந்தப் பழமொழி அட்டைகளை வாங்கினேன். முன்பக்கம் படம், பின்பக்கம் ஒரு சின்னச் சூழ்நிலை. பொருளைக் குழந்தையே ஊகிக்க வேண்டும். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'பதறாத காரியம் சிதறாது' வந்ததும், அவசரத்தில் கணக்கில் ஒரு சைபரை விட்டதை அவளே சொன்னாள். வெறும் மனப்பாடத்தில் இது வராது.

ஆனால் 'கம்பி நீட்டுதல்', 'கயிறு திரித்தல்' எல்லாவற்றையும் பழமொழி என்று போட்டிருக்கிறார்கள். அவை மரபுத்தொடர்கள். கம்பி நீட்டினான், நீட்டுவாள் என்று வாக்கியத்துக்கேற்ப மாறும். பழமொழி அப்படியே முழுசாக நிற்கும். தேர்வில் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அந்த அட்டைகளை நானே பிரித்து, பச்சை மையில் குறியிட்டு வைத்தேன். மற்றபடி எழுத்து பெரிது, அட்டை தடிமன். மகள் இப்போது தம்பியிடம், "கயிறு திரிக்காதேடா" என்கிறாள்.