ரெப்போ ஏறியது 2.50, என் ஹவுசிங் லோன் வட்டி ஏறியது 2.75

2024 பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வங்கி வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் முதலில் காலண்டரைப் பார்த்திருக்க வேண்டும். ஜனவரி 13 இரண்டாவது சனி, 14 ஞாயிறு, 15 முதல் 17 வரை பொங்கல் விடுமுறை. அப்புறம் 25 தைப்பூசம், 26 குடியரசு தினம், 27 நான்காவது சனி, அடுத்தது ஞாயிறு. சிங்கப்பூரில் லீவு வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு நடுவில் மிஞ்சுவது ஒரே ஒரு வாரம்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தை அந்த மாதம் 2ஆம் தேதிதான் பிரதமர் திறந்து வைத்திருந்தார். ஆனால் அது அப்போது பயன்பாட்டுக்கு வரவில்லை. பழைய முனையத்தின் நெரிசலில்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஹவுசிங் லோன் கதை.

ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டுக்காக 2021 மார்ச்சில் 40 லட்சம் கடன் வாங்கினேன். 20 வருடம். அப்போது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி, 4 சதவீதம்; அதற்கு மேல் வங்கி தன் பங்குக்குச் சேர்க்கும் ஸ்ப்ரெட் 2.70. ஆக வட்டி 6.70, மாதத் தவணை 30,296 ரூபாய். ரெப்போ ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், ஸ்ப்ரெட் அப்படியே இருக்கும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

2022 மே 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி கால அட்டவணையில் இல்லாத கூட்டம் ஒன்றைக் கூட்டி 0.40 ஏற்றியது. அதில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை ஏற்றிக்கொண்டே போய் 6.50இல் நிறுத்தியது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, எல்லாக் கடன்காரருக்கும் அதுதான் நிலைமை. என் வங்கி முதலில் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டியது. 2023 ஜனவரியில் நான் கட்டிய 30,296இல் வட்டிக்குப் போனது 28,718, அசலில் கழிந்தது 1,578. அதே வேகத்தில் போனால் கடன் தீர இன்னும் 398 மாதம். 33 வருடம்! வாங்கும்போதே 20 வருடம்தான். இதற்காக ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை.

ஏப்ரலில் அதுவும் தாங்காது என்று ஆகிவிட்டது போல. தவணை 37,101 ரூபாயாக மாற்றப்பட்டதாக மெயில் வந்தது. மீதி 216 மாதம், பழைய காலக்கெடுவே. சரி, ஏறியது ஏறிவிட்டது என்று விட்டிருக்கலாம். பழக்கதோஷத்தில் எக்செலில் போட்டுப் பார்த்தேன். அப்போது அசல் பாக்கி 38,45,660. ரெப்போ 6.50, ஸ்ப்ரெட் 2.70, ஆக 9.20. அந்த வட்டிக்கு 216 மாதத் தவணை 36,494தான் வருகிறது. 607 ரூபாய் உதைக்கிறது. வட்டியை மாற்றி மாற்றிப் போட்டதில் 9.45 வைத்தால் கச்சிதமாக 37,101 வந்தது. எங்கிருந்தோ ஒரு கால் சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து எழுதிய மெயில்களுக்கெல்லாம் ஒரே பதில்: தங்கள் கணக்கு அமைப்பு சரியாகவே உள்ளது. அப்பா கிளைக்குப் போனார். "சிஸ்டம் போடுற கணக்கு சார், அதுல தப்பு வராது" என்று சொல்லி, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

18ஆம் தேதி காலையில் நானே போனேன். ஐந்து நாள் மூடிக் கிடந்த வங்கி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டோக்கன் இயந்திரம் சீட்டைத் துப்பிக்கொண்டிருந்தது, கவுன்ட்டரில் யாரும் எண்ணைக் கூப்பிடவில்லை. முண்டிக்கொண்டு போனவர்களுக்குத்தான் வேலை நடந்தது. மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் ஹவுசிங் லோன் எதையும் கிளையில் தொட முடியாதாம். கன்டோன்மென்ட்டில் இருக்கும் லோன் சென்டருக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த அதிகாரி ஓர் இளம்பெண். வட்டிக் கணக்கு தப்பு என்று ஆரம்பித்திருந்தால் அவரும் சிஸ்டத்தைக் காட்டியிருப்பார். "மேடம், தவணைக் கணக்கு சரிதான். வட்டி விகிதம் எப்போ, எதனால மாறுச்சுன்னு மட்டும் காட்டுங்க" என்றேன். அவர் கொஞ்சம் தேடிவிட்டு, மானிட்டரை என் பக்கம் திருப்பினார். தேதி, ரெப்போ, ஸ்ப்ரெட், மொத்தம் என்று நான்கு கட்டங்கள். 2.70, 2.70, 2.70 என்று இறங்கி வந்த ஸ்ப்ரெட், 01-04-2023 வரியில் 2.95.

"நீங்க என்ஆர்ஐ ஆயிட்டீங்கல்ல சார், அதான் ஸ்கீம் கோடு மாறியிருக்கு."

விஷயம் அப்போதுதான் புரிந்தது. 2022 கடைசியில் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்ததும், சட்டப்படி என் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். அதைச் செய்த கை, அதே வாடிக்கையாளர் எண்ணில் இருந்த கடனையும் என்ஆர்ஐ திட்டத்துக்குள் தள்ளிவிட்டது. ரெப்போ ஏற்றம் என் கடனில் அமலான அதே நாளில் இதுவும் ஏறியதால் வெளியே தெரியவில்லை.

ரிசர்வ் வங்கி விதி இதில் தெளிவு. 2019 அக்டோபர் 1 முதல் தரப்பட்ட புதிய மிதவை வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். ஸ்ப்ரெட்டில் கடன் அபாயத்துக்கான பகுதியை மாற்ற வேண்டுமென்றால், கடனாளியின் கடன் மதிப்பீடு கணிசமாக மாறியிருக்க வேண்டும், அதுவும் ஒப்பந்தத்தில் சொன்னபடி. மற்ற பகுதிகளை அப்போதைய விதிப்படி மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். என் கடனுக்கு இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது, ஒரு தவணைகூடத் தவறவில்லை. வெளிநாடு போனால் ஸ்ப்ரெட் கூடும் என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரியும் இல்லை. அக்ரிமென்ட்டின் ஜெராக்ஸ் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தப் பெண் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படித்தார். படித்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இன்னொன்றையும் அவரிடம் காட்டினேன். தவணையில் 607 ரூபாய் வித்தியாசம்தான், ஆனால் வட்டியில் மாதம் 801 ரூபாய் கூடுதலாகப் போகிறது. தவணைகளை மட்டும் ஒப்பிட்டால் நட்டம் குறைவாகத் தெரியும். வங்கி தவணையைக் கூட்டாமல் 9.45ஐ மட்டும் போட்டிருந்தால், 30,296இல் அசலுக்கு மிஞ்சியிருப்பது 11 ரூபாய். ஒரு டீக்குக் காணாது.

வாய்ப்பேச்சாக விடாமல் அங்கேயே ஒரு மனு எழுதினேன். 01-04-2023 முதல் ஸ்ப்ரெட்டை 2.70 ஆக்கி, கூடுதல் வட்டியை அசலில் வரவு வைக்க வேண்டும் என்று இரண்டே வாக்கியம். நகலில் சீல் வைக்க யோசித்தார்கள், மெயில் அனுப்பினால் போதும் என்றார்கள். நான் நகரவில்லை. புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, தட்டிக் கழித்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குத் தேதி போட்ட அத்தாட்சி வேண்டும் என்றேன். சீல் விழுந்தது. அப்போது நடப்பில் இருந்த, 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் இந்தப் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே போடலாம், சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டும் போடலாம்.

அதற்கு அவசியம் வரவில்லை. பிப்ரவரியில் கடன் கணக்கில் எட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம் வரவாகியிருந்தது. விளக்கமாக ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒரே சொல். தப்பு எங்கள் பக்கம் என்று எழுதுவார்கள் என நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையின்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று நம்மிடம் கேட்க வேண்டும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்று காலாண்டுக்கு ஒரு அறிக்கையும் தர வேண்டும். எனக்கு அந்த அறிக்கை இப்போது வருகிறது. 2025இல் ரெப்போ நான்கு முறை இறங்கி டிசம்பரில் 5.25 ஆனபோது என் வட்டி 7.95 ஆனது. தவணையை அப்படியே விட்டுக் காலத்தைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தார்கள். ஆனால் ஸ்ப்ரெட்டுக்கு அறிக்கையில் தனிக் கட்டம் இல்லை. மொத்த வட்டியிலிருந்து ரெப்போவைக் கழித்து நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெளிநாடு கிளம்பும்போது கணக்கை என்ஆர்ஓ ஆக்குகிறவர்கள், அடுத்த காலாண்டிலேயே இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.