எழுதி வைப்பதா, அங்கேயே கதை அளப்பதா? கேம் மாஸ்டரின் இரண்டு வழக்குகள்

ரோல்பிளேயிங் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் மேசை ஆட்டம்; அதில் உலகத்தையும் எதிரிகளையும் கையாண்டு நடத்துபவர்தான் கேம் மாஸ்டர். இந்த ஆட்டத்தை முதன்முறையாக நடத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் குரலை நினைத்தே பயப்படுகிறார்கள். அரக்கனுக்குக் கரகரப்பு, கிழவிக்கு நடுக்கம் என்று மாற்றிப் பேச வராவிட்டால் குடிமுழுகிப் போகாது. ‘காவலன் எரிச்சலோடு கதவைச் சாத்துகிறான்’ என்று படர்க்கையில் சொன்னாலே காட்சி நின்றுவிடும். என் பாணியைத் தீர்மானித்தவை வேறு இரண்டு கேள்விகள். உழைப்பை ஆட்டத்துக்கு முன்பே கொட்டுவதா, மேசையில் உட்கார்ந்த பிறகா? பகடையை நடத்துபவர் தன் முன் நிறுத்தும் மறைப்புத் திரைக்குப் பின்னால் உருட்டுவதா, எல்லோர் கண்முன்னும் உருட்டுவதா?

முதல் வழக்கில் இரு கட்சிக்கும் வலுவான முன்னோர் உண்டு. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கட்டம் போட்ட தாளில் நிலவறையை வரைந்து, அறைக்கு அறை எண்ணிட்டு, எங்கே என்ன பதுங்கியிருக்கிறது என்று குறித்து வைக்கும் மரபைக் கொண்டுவந்தது. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் நேரெதிர்: கதையை முன்கூட்டித் திட்டமிடாதே, ஆடித்தான் தெரிந்துகொள் என்கிறது.

தயாரிப்புக் கட்சியில்தான் நான் தொடங்கினேன். ஒரு கோட்டைக்கு மூன்று மாலைகள் செலவழித்து வரைபடம் போட்டேன். உள்ளே போக ஒரே ரகசியக் கதவு. அதற்கு ஒரே தடயம், கணப்படுப்புக்கு மேல் கல்லில் ஒரு கீறல். யாருமே கணப்படுப்பின் பக்கம் திரும்பவில்லை. ஒன்றரை மணி நேரம் சுவர் சுவராகத் தட்டினார்கள். தாளில் இல்லாத வழியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. வரைந்ததன் மேல் வரும் பாசம்தான் இந்தக் கட்சியின் நோய். மருந்து எளிது: தெரிந்தே ஆக வேண்டிய ஒவ்வோர் உண்மைக்கும் மூன்று தடயங்களாவது வையுங்கள். இரண்டைக் கோட்டை விட்டாலும் ஒன்று சிக்கும்.

அந்த வெறுப்பில் மறுகோடிக்கு ஓடினேன். வெறுங்கையோடு போய் ஒரு கொலை மர்மத்தை அளந்தேன். இரண்டு மணி நேரம் பிரமாதம். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்த ஒருவர் தலையைத் தூக்கிக் கேட்டார்: “அன்றிரவு வைத்தியர் ஊரிலேயே இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பிறகு அவர் எப்படி விஷம் வைத்தார்?” திருதிருவென விழித்தேன். மர்மக் கதையை மட்டும் அந்த நேரத்து வாய்ஜாலத்தில் ஓட்டாதீர்கள். யார், எப்போது, எப்படி என்ற மூன்றும் தாளில் இருக்க வேண்டும். பயணம், சதி, கொள்ளை போன்றவை தாங்கும்.

அன்று தவறவிட்ட இன்னொன்றும் உண்டு. திடீர்க் கற்பனைக்குத் தீனி போடுவது நடத்துபவரின் மூளை மட்டுமல்ல, விதிமுறையும்கூட. அபோகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, ஏதாவது கூட்டவோ கழிக்கவோ இருந்தால் அதையும் சேர்க்கிறார்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் வெற்றி, ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் ஏதோ ஒரு விலையோடு வெற்றி. பகடையை மட்டும் கணக்கிட்டால் 36 வாய்ப்புகளில் 15 அந்த நடுப்பகுதியில் விழுகின்றன. அதாவது ‘கதவு திறந்தது, ஆனால்...’ என்று கதை தானாகக் கிளைக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இருபது முகப் பகடையில் வாள்வீச்சு பட்டதா படவில்லையா என்பதோடு சரி. மிச்சத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். கையிலிருக்கும் விதிமுறையைப் பார்க்காமல் பாணியைத் தேர்ந்தால் என்னைப் போல வியர்க்கும்.

இப்போது நான் ஒரே பக்கம் எழுதுகிறேன். யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் அடுத்த வாரம் என்ன நடக்கும், அவ்வளவுதான். தயாரிப்புக் கட்சிக்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். இருக்கட்டும்.

திரை வழக்குக்கு வருவோம். (அபோகலிப்ஸ் வேர்ல்டில் இந்தச் சச்சரவே இல்லை; நடத்துபவர் பகடையைத் தொடுவதில்லை.) திரைக்கு நியாயம் உண்டு. பொறி இருக்கிறதா என்று தேடியவருக்கு 3 என்ற குறைந்த எண் விழுந்ததைக் காட்டிவிட்டால், ‘எதுவும் தென்படவில்லை’ என்ற பதிலை அவர் நம்பவே மாட்டார். அத்தகைய உருட்டல்களை இன்றும் மறைத்தே செய்கிறேன்.

ஆனால் திரை இருந்தால் கை நீளும். ஒருமுறை சாகும் தறுவாயிலிருந்த வீராங்கனை மேல் அரக்கனின் அடி விழ வேண்டும். திரைக்குப் பின்னால் 20, பகடையின் உச்ச எண். “தவறிவிட்டது” என்றேன். ஒரு விநாடி தாமதித்துச் சொன்னேன், அதுதான் காட்டிக்கொடுத்தது. யாரும் வாய்திறக்கவில்லை. அடுத்த சண்டையில் கவனித்தேன்: பாதி உயிரோடு நின்றவர்கள்கூட மருந்துக் குப்பியை எடுக்கவில்லை. எப்படியும் நான் காப்பாற்றுவேன் என்று தெரிந்துவிட்ட பிறகு எதற்காக எடுக்க வேண்டும்?

அன்றோடு சண்டைப் பகடைகள் திரைக்கு முன்னால் வந்துவிட்டன. இதற்கும் விலை உண்டு. எதிரியின் பலத்தைச் சண்டைக்கு முன்பே சரியாக அளந்தாக வேண்டும், அள்ளித் தெளித்த கணக்கு அம்பலமாகும். ஒரு முடிவை ஏற்க மனமில்லை என்றால் அதற்காகப் பகடையை எடுக்கவே கூடாது. இதை நான் இரண்டு மாதம் திணறித்தான் பழகினேன்.

பிறகொரு நாள் அதே வீராங்கனை, அதே போல் ஒரு நூலிழையில் உயிர். மேசை நடுவில் உருட்டினேன். 20. இந்த முறை என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பகடையைத்தான் பார்த்தார்கள். அந்த வீராங்கனையாக ஆடியவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் பாத்திரத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு வெற்றுத்தாள் கேட்டாள்.