நாஸ் பெட்டியில் டிஸ்க் மாற்றிய அனுபவம்: சினாலஜி டிஎஸ்220 பிளஸ், சில வருடங்களுக்குப் பிறகு

வீட்டில் சினாலஜி கம்பெனியின் டிஎஸ்220 பிளஸ் என்ற நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி, சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு டிஸ்க் போடும் பெட்டி, உள்ளே 4 டிபி டிஸ்க் இரண்டு, ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். எல்லோருடைய போன் போட்டோக்கள், ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரங்கள், பழைய சிடியிலிருந்து எடுத்த கல்யாண வீடியோ என்று எல்லாமே இதில்தான். பெட்டியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, தேய்ந்தது உள்ளே இருந்த டிஸ்க்தான்.

பெட்டி "நார்மல்" என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பெட்டியின் ஸ்டோரேஜ் மேனேஜரில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைக்கும் குறிப்பு) விவரத்தைத் திறந்தால் 197ஆம் வரியில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்கில் டேட்டா பதியும் சின்னத் துண்டுகளின்) கணக்கில், பூஜ்யம் போய் வேறு எண் வந்திருந்தது. அடுத்த முறை பார்த்தபோது அது ஏறியிருந்தது. 5 (கெட்டதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள்), 197, 198 (சரிசெய்ய முடியாத செக்டர்கள்) இந்த மூன்று வரிகளை மட்டும் அவ்வப்போது பாருங்கள், எண் ஏறிக்கொண்டே போனால் பச்சை விளக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் பலர் உடனே புது டிஸ்க் வாங்கிச் சொருகிவிடுகிறார்கள். அது ஆபத்து. புது டிஸ்க் போட்டதும் மிச்சமிருக்கும் பழைய டிஸ்கைத்தான் பெட்டி மணிக்கணக்கில் ஓயாமல் படித்து நகலெடுக்கிறது, அதுவும் பெரும்பாலும் கெட்டுப்போனதோடு ஒரே நாளில் வாங்கிய, அதே அளவு ஓடிய டிஸ்க். அது அந்த நேரத்தில் மக்கர் செய்தால் கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் முதலில் சினாலஜியின் பேக்கப் மென்பொருளான ஹைப்பர் பேக்கப்பை ஓட்டி யுஎஸ்பி டிஸ்கில் முழு நகல் எடுத்தேன், அதிலிருந்து சில ஃபோல்டர்களை லேப்டாப்பில் திறந்தும் பார்த்தேன், அப்புறம்தான் பெட்டியில் கை வைத்தேன்.

டிஸ்க் வாங்கும்போது அது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும்) வகையா என்று பாருங்கள். 2020இல் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) கம்பெனியின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால், தொடர்ந்து எழுதும் இந்த மாதிரி வேலையில் வேகம் படுத்துவிடும். டபிள்யூடியின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். டிஸ்க் வந்ததும் சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்டி காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு டிஸ்கையும் வேறு வேறு கடையில் வாங்கினேன், ஒரே பேட்சாக வரவேண்டாம் என்றுதான்.

மாற்றுவது சுலபம். மென்பொருளில் அந்த டிஸ்கை டிஆக்டிவேட் செய்து, ட்ரேயை இழுத்து, இரு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்தால் டிஸ்க் கையில் வந்துவிடும், ஸ்க்ரூ கிடையாது, பெட்டியை அணைக்கவும் வேண்டாம். புது 8 டிபியைப் போட்டு "ரிப்பேர்" கொடுத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இடம் உடனே கூடவில்லையே என்று பதற வேண்டாம், இரண்டாவது டிஸ்கையும் மாற்றிய பிறகுதான் கூடும். அந்த நேரத்தில் கரண்ட் போகக்கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் அந்த ஒரு நொடியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகலாம், அதனால் யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும், பேட்டரி குறைந்தால் பெட்டி தானே பத்திரமாக நிறுத்திக்கொள்ளும்.

இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா இருப்பதை பேக்கப் என்று நினைப்பவர்களுக்கு: நீங்கள் அழிக்கும் ஃபைல் இரண்டிலும் அதே கணம் அழிகிறது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) க்யூநாப் என்ற வேறொரு கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களை 7இசட் என்ற சுருக்கிய ஃபைலாக ஆக்கிப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது, உள்ளே எத்தனை டிஸ்க் இருந்தும் பலனில்லை. என் யுஎஸ்பி டிஸ்க் பேக்கப் முடிந்ததும் தானாக எஜெக்ட் ஆகும்படி வைத்திருக்கிறேன், உடனே கழற்றி பீரோவில் வைத்துவிடுவேன். இன்னொரு நகல் அக்கா வீட்டில். போட்டோக்களுக்கு மட்டும் ஹைப்பர் பேக்கப்பில் ஒற்றைப் பதிப்பு முறை (கடைசி நகல் மட்டும் இருக்கும்) வைத்திருக்கிறேன், அதில் ஃபைல்கள் சாதாரண ஃபைலாகவே இருக்கும், பழைய நகல்களும் சேர்ந்திருக்கும் பல பதிப்பு முறையில் எடுத்ததைக் கணினியில் திறக்க சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் மென்பொருள் வேண்டும்.

கழற்றிய டிஸ்கை வாரண்டிக்கு அனுப்புபவர்கள் முதலில் முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள். இந்த அமைப்பில் அந்த ஒரு டிஸ்கிலேயே உங்கள் மொத்த டேட்டாவும் இருக்கிறது. அழிக்கவே முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால், ஷேர்டு ஃபோல்டரை முன்பே என்கிரிப்ட் செய்திருந்தாலொழிய நான் அனுப்ப மாட்டேன், அந்தப் பணம் போனால் போகட்டும்.