அமெரிக்க ஐபோனா, சிங்கப்பூர் ஐபோனா: நம்மூர் சிம்முக்கு எது சரிப்படும்?

ஐபோன் 16 ப்ரோ வாங்கலாம் என்று முடிவானபோது எனக்கு இரண்டு வழி இருந்தது. டல்லாஸில் இருக்கும் சித்தி மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவருவான், இல்லையென்றால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சான் திருச்சிக்கு வரும்போது வாங்கி வருவார். விலை மட்டும் பார்த்தால் அமெரிக்காதான். ஆனாலும் நான் சிங்கப்பூர் போனைத்தான் வாங்கினேன், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். 16 ப்ரோ 2024 செப்டம்பரில் வந்தபோது இந்தியாவில் 1,19,900 ரூபாய். அமெரிக்காவில் 999 டாலர், டல்லாஸின் விற்பனை வரி 8.25 சதவீதம் சேர்த்தால் அன்றைய மதிப்பில் 91,000 ரூபாய்க்குப் பக்கம். சிங்கப்பூரில் 1,599 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதில் 9 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். சுற்றுலாப் பயணியாகப் போய் வாங்கினால் விமான நிலையத்தில் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், அங்கேயே வேலை பார்ப்பவருக்கு அது கிடையாது. அதனால் எனக்கு ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. சீல் பிரிக்காத பெட்டியாக வந்தால் சுங்க வரியும் உண்டு. அன்று வரியில்லா வரம்பு 50,000 ரூபாய், அதற்கு மேல் போகும் தொகைக்கு 38.5 சதவீதம். அதைக் கட்டினால் சிங்கப்பூர் போனில் மிச்சமென்று எதுவும் நிற்காது, அமெரிக்கப் போனில் பதின்மூன்றாயிரம் போல நிற்கும். ப்ரோ இல்லாத சாதா 16-க்கு இந்தப் பாடே தேவையில்லை, இங்கேயே கடையில் வாங்கிவிடலாம்.

நெட்வொர்க் பிடிக்குமா என்ற கேள்விக்கு ஐபோனைப் பொறுத்தவரை பெரிய பதில் ஒன்றும் கிடையாது, பிடிக்கும். சிங்கப்பூரில் விற்பதும் இந்தியாவில் விற்பதும் ஏ3293 என்ற ஒரே மாடல். அமெரிக்காவின் ஏ3083 வேறு மாடல்தான், ஆனால் நம்மூர் 4ஜிக்கு வேண்டிய அலைவரிசைகளான பேண்ட் 3, 5, 40 அதிலும் இருக்கிறது, 5ஜிக்கான என்28, என்78-ம் இருக்கிறது. 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் வோல்டீயிலேயே (4ஜி வழியாகவே பேசும் முறை) ஓடும் ஜியோவிலும் அழைப்பு ஒழுங்காகப் போகிறது. அமெரிக்கப் போனில் கூடுதலாக எம்எம்வேவ் என்ற அதிவேக 5ஜி அலைவரிசை உண்டு, இங்கே அதனால் சல்லிக் காசுக்குப் பயனில்லை. ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். அங்கே தவணையில் கேரியரிடம், அதாவது சிம் நிறுவனத்திடம், வாங்கிய போன் பெரும்பாலும் வேறு நிறுவனச் சிம்மை ஏற்காத லாக்கோடு வரும். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் கேரியர் லாக் என்ற இடத்தில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால்தான் கையை நீட்ட வேண்டும்.

இனிதான் விஷயம். 2022-ல் வந்த 14 வரிசையிலிருந்து அமெரிக்க ஐபோனில் சிம் தட்டே கிடையாது. இடது ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால் ஊசி நுழைக்கும் அந்தச் சின்ன ஓட்டை இருக்காது. எல்லாம் இசிம்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம். சிங்கப்பூர் போனில் ஒரு நானோ சிம்மும் (வழக்கமான சின்ன அட்டைச் சிம்) போடலாம், இசிம்மும் வைத்துக்கொள்ளலாம். ‘இப்போ ஜியோ, ஏர்டெல், வி எல்லாரும் இசிம் தர்றாங்களே, அப்புறம் என்ன?’ என்பார்கள். தருகிறார்கள்தான். பிஎஸ்என்எல்கூட 2025-ல் தமிழ்நாட்டில் தொடங்கிவிட்டது. முதல் தடவை போடுவதில் பெரிய சிரமமும் இல்லை. சிக்கலெல்லாம் போன் கெட்டுப்போகிற அன்றைக்குத்தான்.

அலுவலக நண்பர் ஒருவரிடம் அமெரிக்க ஐபோன் 15 இருந்தது. கீழே விழுந்து திரை முழுக்கக் கறுத்துவிட்டது, ஆனால் போனுக்கு உயிர் இருந்தது. பாக்கெட்டுக்குள் மணி அடிக்கிறது, ஓடிபி வந்தால் ‘டிங்’ என்கிறது, படிக்கத்தான் வழியில்லை. வீட்டில் பழைய ரெட்மி சும்மா கிடந்தது, அதில் போடச் சிம் வேண்டுமே. எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனத்தின் ஆப்பைத் திறந்தால் அதுவும் அதே எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்புகிறது. கடைசியில் ஆதாரை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய், கைரேகை வைத்து, சாதாச் சிம்மாக வாங்கி வந்தார். அதோடு முடியவில்லை. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. மோசடிக்காரர்கள் நம் எண்ணில் வேறு சிம் வாங்கி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் புதுப் போனில் யுபிஐ பதிவு செய்ய நம் எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். ஆக அடுத்த நாள் வரைக்கும் டீக்கடையிலும் கடன்தான்.

அதே இடத்தில் நானோ சிம் இருந்திருந்தால் ஊசியால் தட்டைத் தள்ளி, சிம்மை ரெட்மியில் செருகினால் முடிந்தது. சிம் மாறவே இல்லை, அதனால் எஸ்எம்எஸ் தடையும் இல்லை, யுபிஐயை அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம், முதல் நாள் தொகை வரம்பு மட்டும் இருக்கும். நம்மூரில் வங்கி, கேஸ் சிலிண்டர், ரயில் டிக்கெட், வருமான வரி எல்லாமே ஒரு எண்ணில் தொங்குகின்றன. அந்த எண்ணைக் கையால் வெளியே எடுக்க முடியாத போனில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. வங்கியோடு இணைந்த எண் நானோ சிம்மில், இரண்டாவது எண் இசிம்மில் என்று பிரித்து வைத்திருக்கிறேன். (ஐபோனில் யுபிஐ சரிபார்ப்பு எஸ்எம்எஸ்ஸை நாம்தான் தட்டி அனுப்ப வேண்டும். எந்த எண்ணிலிருந்து போகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டுங்கள், மாறிப் போனால் பதிவு ஆகாது.)

இசிம் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். போனைத் திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது. சாதாச் சிம் வைத்திருப்பவர்கள் இதற்காகச் சிம்முக்கு ‘பின்’ (PIN) என்ற ரகசிய எண் போட்டு வைப்பது நல்லது. 17 ப்ரோவில் தட்டு இல்லாத மாடலுக்குப் பேட்டரியும் சற்றுப் பெரியது.

மறுவிற்பனையில் அமெரிக்கப் போனுக்கு இங்கே விலை குறைத்துத்தான் கேட்கிறார்கள். மாடல் எண்ணின் கடைசியில் அமெரிக்கப் போனுக்கு அடையாளமான எல்எல்/ஏ என்று பார்த்ததுமே சென்னை ரிச்சி தெருவில் போன் கடைக்காரர் முகம் மாறிவிடும். எவ்வளவு குறையும் என்பதற்கு என்னிடம் சொந்தக் கணக்கு இல்லை, நான் இன்னும் எதையும் விற்றுப் பார்க்கவில்லை. வாரண்டியிலும் என் அனுபவம் அவ்வளவுதான். வாங்கிய நாட்டோடு ஐபோன் வாரண்டியை நிறுத்திக்கொள்ள ஆப்பிளுக்கு உரிமை உண்டு என்பது அவர்கள் நிபந்தனையிலேயே இருக்கிறது. ஒரே மாடல் என்பதால் சிங்கப்பூர் போனுக்குப் பாகம் கிடைப்பது சுலபம் என்று நினைக்கிறேன், ஆனால் எனக்குச் சர்வீஸ் சென்டர் படி ஏறும் வேலை இதுவரை வரவில்லை.

துபாயில் சொந்தக்காரர் இருக்கிறார் என்பவர்கள் கவனிக்க: 16 வரைக்கும் அமீரகப் போனிலும் தட்டு இருந்தது. 2025-ல் வந்த 17 வரிசையில் அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், ஜப்பான், கனடா, மெக்சிகோ எல்லாவற்றிலும் எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் 17, 17 ப்ரோ இரண்டிலும் தட்டு இருக்கிறது. ஐபோன் ஏர் என்றால் எந்த நாட்டில் வாங்கினாலும் இசிம் மட்டும்தான்.

சாம்சங் ஆட்களுக்குக் கணக்கு வேறு. அமெரிக்க கேலக்ஸியில் சிம் தட்டு உண்டு, ஆனால் போனிலேயே வரும் கால் ரெக்கார்டிங் பல மாடல்களில் இருக்காது. அது இல்லாமல் முடியாது என்பவர்கள் இங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.