தஞ்சாவூர்த் தலையாட்டி: வாங்கும்முன் தட்டிப் பாருங்கள்

அரண்மனைப் பக்கத்துக் கடைகளில் தலையாட்டிப் பொம்மை இரண்டு வகை கிடைக்கிறது. சாய்ந்தாடும் ராஜா ராணிக்கு அரைக்கோள அடியில் களிமண் கனம். மேலே காகிதக்கூழ், வெறும் கூடு. கனம் கீழே இருப்பதால்தான் தள்ளினாலும் நிமிர்கிறது. பாதி சாய்த்து விடுங்கள்: ஆடி அடங்கியதும் மூக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கமே சாய்ந்து நின்றால் அடிக்கனம் நடுவில் உட்காரவில்லை. வீட்டில் சரிசெய்ய முடியாது, வேறு பொம்மை எடுங்கள்.

நாட்டியப் பொம்மையில் பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனி. கம்பியில் தொங்கி ஆடும். தலையைத் தூக்கிக் கம்பியைப் பாருங்கள். துரு இருந்தாலோ, கழுத்து விளிம்பில் உரசினாலோ ஆட்டம் இரண்டு அசைவில் நின்றுவிடும். உரசிய இடத்தில் பெயிண்டும் உதிரும்.

புவிசார் குறியீடு பெற்ற பொம்மை இது. ஆனாலும் பிளாஸ்டிக் நகல்கள் கலந்தே விற்கின்றன. விரலால் தட்டினால் மந்தமான சத்தம் வருவது காகிதக்கூழ்.

ஐப்பசி ஈரம்தான் எமன். ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த தூரிகை போதும். கொலு முடிந்ததும் நாட்டியப் பொம்மையின் தலையைக் கழற்றி, தனியே பருத்தித் துணியில் சுற்றுங்கள். கடையில் தரும் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கூழ் ஊறும்.